சிவக்கும் என்று சொல்லி விற்ற ஸ்நோ

திண்டிவனத்தில் என் கடைக்கு முதல் தடவை வருகிறவர்களில் பாதிப் பேர் கோபித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். முகத்துக்குப் பூசுகிற ஸ்நோ டப்பா கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்க மாட்டேன். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, துளி ஸ்நோவைத் தொட்டு நீட்டுவேன்.

"முழங்கை மடிப்புல, உள்பக்கமா தடவிக்கினு போங்க. ரெண்டு நாளைக்கு அந்த எடத்துல தண்ணி படக் கூடாது. மூணாம் நாள் வந்து கையைக் காட்டுங்க. அப்புறந்தான் டப்பா."

"இன்னா ஐயா இது பேஜாரு? காசு குடுத்தா சாமான் குடுக்க மாட்டீங்களா?"

"மாட்டேன்."

இப்படிச் சொல்லியே நாற்பது வருஷம் வியாபாரம் பண்ணினேன். கடை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி, இன்று என் பிள்ளைகள் காரில் போகிறார்கள். போன வருஷம் பெரிய மகன் பட்டணத்திலிருந்து வந்து, ஏதோ அதிசயத்தைக் கண்டுபிடித்தவன் மாதிரிச் சொன்னான்: "அப்பா, தோல் டாக்டருங்க புது மருந்து எதையும் மொதல்ல கையில தடவி ரெண்டு நாள் பாக்கச் சொல்றாங்களாம்." நான் சிரித்தேன். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அவர்கள் புத்தகத்தில் படித்ததை யாரும் சொல்லித் தராமலே செய்துகொண்டிருந்தேன். என் மூளையை மெச்சாத ஆள் இந்த ஜில்லாவில் கிடையாது. நானும் மெச்சட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அது மூளையில் முளைத்த யோசனை இல்லை. ஒரு பெண்ணின் கன்னத்தில் கற்றுக்கொண்டது. அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

என் அப்பா விழுப்புரத்துக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாயில் கூலி வேலை செய்தார். ஒரு சாண் நிலம் எங்களுக்குக் கிடையாது. எட்டு வயதில் நானும் காளவாய்க்குப் போனேன். சுட்ட கல்லைக் கூடையில் அள்ளிக் கொட்டுவதும், தண்ணீர் தெளித்து நீற்றுவதும் வேலை. இரண்டு வருஷத்தில் என் உள்ளங்கை செருப்புத் தோல் மாதிரி ஆகிவிட்டது. இன்றைக்கும் கொதிக்கிற டீ டம்ளரை என்னால் வெறுங்கையில் பிடித்து நிற்க முடியும். பந்தயம் கட்டியே பல பேரைத் தோற்கடித்திருக்கிறேன். இந்தக் கையைப் பற்றி எனக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

பதினாறு வயதில் காளவாயை விட்டேன். ஒரு தகரப் பெட்டி வாங்கி, அதில் வாசனை சோப்பு, முகப்பவுடர், சீப்பு, சாந்து எல்லாம் அடுக்கிக்கொண்டு விழுப்புரம் ஜங்ஷனில் கூவி விற்க ஆரம்பித்தேன். ரயில் நிற்கிற பத்து நிமிஷத்துக்குள் யாருக்கு எது பிடிக்கும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பிறகு ரயிலிலும் பஸ்ஸிலும் ஏறி, கூட்டேரிப்பட்டு, திண்டிவனம், திருவெண்ணெய்நல்லூர் என்று சந்தை சந்தையாகப் போனேன். எல்லோரும் என்னைப் பெட்டிக்காரர் என்பார்கள். அவர்கள் வாயில் அது 'பொட்டிக்காரரே'.

தோலைப் பற்றி அந்த நாளில் என்னைப் போலத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை என்று அடித்துச் சொல்வேன். அதுவரை பயத்தமாவும் மஞ்சளும் மட்டுமே கண்ட முகத்தில் முதன்முதலாகச் சோப்புப் பட்டால் என்ன ஆகும்? காய்ந்த வாழைச்சருகு மாதிரி இழுக்கும். வாயைத் திறந்து சிரிக்க முடியாது. சிலருக்கு உதட்டோரம் செதில் செதிலாக வரும். பவுடர் போட்டு வெயிலில் வேலை செய்தவளுக்குக் கழுத்து மடிப்பில் ரவையைத் தூவின மாதிரி பொரிப்பொரியாக எழும்பும். சில தோல் முதல் நாளே சண்டைக்கு வந்துவிடும். சில தோல் ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, பிறகு ஒரு நாள் திடீரென்று தடித்துச் சிவந்து நிற்கும். இதையெல்லாம் கண்ணால் பார்த்துக் கற்றேன்.

ஒவ்வொரு சந்தைக்கும் மறுவாரம் போகும்போது, போன வாரம் வாங்கினவர்களைத் தேடிப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "புடிச்சிருக்கா?" அவ்வளவுதான். தோலுக்கு ஒத்துக்கொண்டாலும் அதே வார்த்தை, மனசுக்கு ஆசையாக இருந்தாலும் அதே வார்த்தை. "புடிச்சிருக்கு" என்றால் அடுத்த டப்பா. "புடிக்கல" என்றால் வேறு சாமானைக் காட்டுவேன். இந்தக் கேள்வி எனக்குப் பட்டப்பெயர் மாதிரியே ஆகிப்போனது. நான் சந்தைக்குள் நுழைந்தாலே பெண்கள், "தோ வந்துட்டாரு புடிச்சிருக்கா" என்று சிரிப்பார்கள்.

யுத்தம் வந்தது. சீமையிலிருந்து வரும் ஸ்நோ நின்றுபோனது. மற்ற பெட்டிக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். நான் உட்காரவில்லை. விழுப்புரத்தில் மருந்துக்கடை கம்பவுண்டர் ஒருவரைப் பிடித்து, ஸ்நோ எப்படிச் செய்வது என்று கேட்டுக்கொண்டேன். மெழுகு மாதிரி இருக்கும் வெள்ளைச் செதிலை உருக்க வேண்டும். காஸ்டிக் காரத்தைத் தண்ணீரில் கரைத்து, அதில் சிறுகச் சிறுக விட்டுக் கலக்க வேண்டும். கொஞ்சம் கிளிசரின், புதுச்சேரியிலிருந்து வந்த வாசனைத் தைலம். ஆறினால் வெண்ணெய் மாதிரி வரும். முதல் இரண்டு தடவை காய்ச்சினது அருமையாக வந்தது. சீமை ஸ்நோவை விட இதுதான் தேவலை என்று சொன்னவர்கள் உண்டு. இருபத்திரண்டு வயதில், படிப்பில்லாமல், ஒரு மண் அடுப்பை வைத்துக்கொண்டு நான் சாதித்தது அது.

மூன்றாவது காய்ச்சலுக்கு வெள்ளைச் செதில் போதுமானது கிடைக்கவில்லை. கிடைத்ததைப் போட்டு, மிச்சத்துக்கு அரிசிக் கஞ்சியைச் சேர்த்தேன். காரத்தை மட்டும் எப்போதும் போலவே போட்டேன். செதில் குறைந்தால் காரத்தையும் குறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. செய்து முடித்து, என் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. எப்படிச் செய்யும்? அது காளவாய்க் கை.

அந்தக் காய்ச்சலில் இன்னொன்று கண்டேன். இதைப் பூசின ஒன்றிரண்டு பேருக்கு முகம் இலேசாகச் சிவந்து தெரிந்தது. நம் ஊரில் நிறம் வெளுத்தவரைச் சிவப்பு என்கிறோம் அல்லவா? எனக்கு அது போதும். "பூசுங்க, ஒரே வாரத்துல சிவந்துடுவீங்க" என்று கூவினேன். கொஞ்சம் எரிகிறது என்று சொன்னவர்களிடம், "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம், விடாதீங்க" என்றேன். டப்பாக்கள் பறந்தன.

அந்தச் சமயத்தில்தான் அவளைப் பார்த்தேன்.

திண்டிவனத்தில் ஸ்டேஷன் பக்கம் ஒரு மல்லாட்டை மண்டி; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முற்றத்தில் முப்பது நாற்பது பெண்கள் உட்கார்ந்து காய் உடைப்பார்கள். மதியம் அவர்கள் கஞ்சி குடிக்கிற நேரம் பார்த்து நான் பெட்டியோடு போவேன். எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு சுற்றி வருவார்கள். அவள் மட்டும் வர மாட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசுவாள். தலைமுடியிலும் புருவத்திலும் மல்லாட்டைத் தோலின் சிவந்த தூள் ஒட்டியிருக்கும். காலையில் பூசின மஞ்சள் காதோரம் மிச்சமிருக்கும். கறுப்பு என்றும் சொல்ல முடியாது, மாநிறம் என்றும் சொல்ல முடியாது. மழை நின்ற பிறகு செம்மண் பாதை இருக்குமே, ஈரமாக, கருஞ்சிவப்பாக, அந்த நிறம். எத்தனையோ ஆயிரம் முகம் பார்த்தவன் நான். அந்த முகத்தின் முன்னால் எனக்கு விற்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை.

"பொட்டிக்காரரே, இதைப் பூசினா சிவந்துடுமா?" என்று அவள்தான் முதலில் வாயைக் கொடுத்தாள்.

"ஒரே வாரம்."

"அப்ப நீங்க ஏன் இன்னும் கரிச்சட்டி மாதிரி கீறீங்க?"

முற்றமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "செய்யறவனுக்குப் பூச நேரம் ஏது?" என்றேன்.

"வித்தது போக மிச்சம் இருந்தா பூசிக்குங்க. பொண்ணு குடுக்கறவங்க பயந்துக்கப் போறாங்க."

அடுத்தடுத்த வாரங்களில் நான் மற்ற சந்தைகளைக் குறைத்துக்கொண்டு திண்டிவனத்துக்கே இரண்டு தரம் போக ஆரம்பித்தேன். அவளுக்குத் தாய் தகப்பன் இல்லை. அண்ணன் மண்டியில் மூட்டை தூக்கினார். அண்ணியும் அவளும் காய் உடைத்தார்கள். அண்ணி நல்ல மனுஷி, வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். ஒரு நாள் அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, என் மாமாவை வெள்ளிக்கிழமை பெண் கேட்க அனுப்புகிறேன் என்றேன்.

"நெனச்சேன்," என்றார் அண்ணி. "இல்லாட்டி இந்த மண்டியில வாரத்துக்கு ரெண்டு தரம் எவன் சீப்பு விப்பான்? அவங்க அண்ணங்கிட்ட நான் சொல்றேன். அவகிட்ட இப்ப சொல்ல மாட்டேன். வெக்கத்துல கஞ்சி குடிக்காம கெடப்பா."

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். புது டப்பா ஒன்றை எடுத்து அண்ணி கையில் கொடுத்தேன். "இதை அதுக்குக் குடுங்க. நான் குடுத்தேன்னு சொல்லுங்க. வெள்ளிக்கெழமைக்குள்ள நல்லா சிவந்துடும். எரிஞ்சாலும் விட வாணாம்னு சொல்லுங்க."

ஏன் கொடுத்தேன்? என்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த சாமான் அது. நானே செய்தது. அவளுக்கு என் கையால் ஒன்று போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. வேறு எதுவும் அந்த நேரம் மனசில் இல்லை. அந்த நிறத்தைப் பார்ப்பதற்காக ரயில் ஏறி வந்துகொண்டிருந்தவன், அதை மாற்றிக்கொள்ளச் சொல்லி டப்பா கொடுக்கிறோமே என்று எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாமா வெற்றிலை பாக்கோடு போனார். நான் விழுப்புரம் ஸ்டேஷனில் காத்துக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் வந்தது. மாமா இறங்கி நேராக என்னிடம் வந்தார். வெற்றிலைப் பையை என் பெட்டி மேல் வைத்தார்.

"பொண்ணுக்குப் புடிக்கலையாம்டா."

"யாரு சொன்னா?"

"என் காதால கேட்டேன். நான் முன்கட்டுல குந்திக்கினு கீறேன். அந்த அண்ணிக்காரி உள்ள போயி, 'ஏ, அவரு ஆளு வந்துக்கீறாரு, புடிச்சிருக்கான்னு கேக்குறாரு, இன்னா சொல்ற'ன்னு கேட்டுச்சு. தோட்டத்துலேர்ந்து அந்தப் பொண்ணு சத்தமா சொல்லுது, 'புடிக்கல அண்ணி. எரிச்சலா கீது. இனிமே வாணாம்னு சொல்லிடுங்க'ன்னு. தண்ணி கூட குடிக்காம எழுந்து வந்துட்டேன்."

எரிச்சல் என்றாளாம். என் மேல் எரிச்சல். சிரித்துச் சிரித்துப் பேசினவள். கரிச்சட்டி என்றது விளையாட்டில்லை போலிருக்கிறது என்று எண்ணினேன். ஸ்டேஷனில் நூறு பேர் நடுவில் நின்று, காளவாய்க் கூடை சுமந்த பையனாக மறுபடி ஆகிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து ஒரு மல்லாட்டை வண்டிக்காரர் வந்தார். "திண்டிவனத்துல அந்த அண்ணி உன்னை ஒரு நடை வந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றார். நான் போகவில்லை. மறுவாரம் பூக்காரம்மா ஒருத்தி அதே சேதியோடு வந்தார். "கட்டாயம் வரச் சொன்னாங்க தம்பி. நேர்ல சொல்லணுமாம்."

"டப்பாவைத் திருப்பிக் குடுக்கத்தான் கூப்புடறாங்கன்னா, அவங்களையே வச்சிக்கச் சொல்லுங்க," என்றேன். "புடிக்கலன்னு சொன்ன வூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்."

எவ்வளவு அழகாகப் பேசினோம் என்று அன்றைக்கு எனக்கு நினைப்பு. பூக்காரம்மா திரும்பிப் போனார். அதன் பிறகு சேதி வரவில்லை. நான் திண்டிவனம் பக்கமே தலைவைக்காமல், திருவெண்ணெய்நல்லூர் பக்கம் போய் வந்துகொண்டிருந்தேன். அங்கும் ஸ்நோ வாங்கினவர்கள், எரிகிறது, உரிகிறது என்றார்கள். "விடாதீங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம். மயிலம் பக்கம் போய்விட்டு, கூட்டேரிப்பட்டு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றேன். அங்கே கேப்பைக் கூழ் விற்கும் அம்மா ஒருவர் என்னிடம் முந்தின மாதம் டப்பா வாங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கே வந்து என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். அவர் கன்னம் இரண்டும் தோல் உரிந்து கறுத்துக் கிடந்தது.

"யோவ், நில்லுய்யா. இது இன்னா சினோவா, சுண்ணாம்பா?"

"கொஞ்சம் எரிஞ்சாத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"வாய மூடு. இப்பிடி குந்து."

கூழ்ப்பானைப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். ஆலிலை ஒன்றில் மஞ்சளை உரசினார். என் பெட்டியிலிருந்தே ஒரு டப்பாவைத் திறந்து, விரலால் வழித்து அந்த மஞ்சளில் குழைத்தார். என் கண் எதிரில் மஞ்சள் சிவந்தது. இலேசான சிவப்பு இல்லை. கல்யாணத்தில் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் சுற்றுகிற ஆலத்தித் தண்ணீர் மாதிரிச் சிவப்பு.

"மஞ்சள்ல சுண்ணாம்பு சேந்தா செவக்கும்னு சின்னக் கொழந்தைக்குத் தெரியும். இதை மூஞ்சில பூசச் சொன்னியே, நீ எந்த ஊர் ஆளுய்யா? உங்க அப்பன் இன்னா வேலை பாத்தாரு?"

 என்ன சொல்வது? என் அப்பா சுண்ணாம்பு சுட்டார் என்றா?

சுண்ணாம்பு இல்லை, காரம். ஆனால் இரண்டும் தோலுக்குச் செய்வது ஒன்றுதான். நம் பெண்கள் தினம் மஞ்சள் பூசுகிறவர்கள். மிஞ்சின காரம் மஞ்சளைச் சிவக்க வைத்தது. அதைத்தான் நான் நிறம் என்று விற்றேன். உள்ளே தோல் வெந்துகொண்டிருந்தது. சுண்ணாம்புக்காரன் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி இது ஒன்றுதான். அதை ஒரு கூழ்க்கார அம்மா காட்ட வேண்டியிருந்தது.

இலையில் சிவந்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது. 'புடிக்கல அண்ணி. எரிச்சலா கீது. இனிமே வாணாம்னு சொல்லிடுங்க.' மூன்று மாதமாகத் தினம் நினைத்த வார்த்தைகள்தான். ஆனால் அன்றைக்குத்தான் சரியாகக் கேட்டது.

பெட்டியிலிருந்த டப்பா அத்தனையையும் அந்த அம்மாவின் கூழ்க்கடைக்குப் பின்னால் குழி தோண்டிக் கொட்டினேன். யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பை முதுகில் கட்டிக்கொண்டு ஓடின பஸ் ஒன்று வந்தது. கூட்டேரிப்பட்டிலிருந்து திண்டிவனம் எட்டொன்பது மைல்தான். அந்த பஸ் ஏற்றத்தில் நின்றது, இறங்கித் தள்ளினோம். கரி போடுவதற்கு நின்றது, இறங்கி விசிறினோம். நடந்தே போயிருக்கலாம். மாமா எனக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் பெண் பார்த்திருந்தார், இன்னும் பாக்கு மாற்றவில்லை. அதை நிறுத்திவிடலாம், மாமா காலில் விழலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன்.

அண்ணி வீட்டு வாசலில் முறத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் முறத்தை நிறுத்தவில்லை.

"வா பொட்டிக்காரரே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?"

"அண்ணி, அது டப்பாவைத்தானே புடிக்கலன்னு சொல்லுச்சு?"

அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நீதான் ஊர் பூரா 'புடிச்சிருக்கா, புடிச்சிருக்கா'ன்னு கேட்டுக்கினு திரியறவன். உன் ஆளு வந்து அதையே கேட்டா அவ இன்னான்னு நெனப்பா? மோர்த் துணிய மூஞ்சில போட்டுக்கினு தோட்டத்துல குந்திக்கினு இருந்தா. ஏழு நாள் பூசினா. ரெண்டாம் நாளே எரியுது, வாணாம்டின்னு நான் சொன்னேன். 'அவரு எரிஞ்சாலும் விட வாணாம்னு சொன்னாரே அண்ணி'ன்னு தாங்கிக்கினு இருந்தா. தலகாணியில மூஞ்சி வைக்க முடியல அவளால. உன் மாமன் வந்த அன்னிக்குத்தான் மொத மொதல்ல வாய் தொறந்து வாணாம்னா. நானும் அவ கோவத்துல உன்னைத்தான் வாணாம்னுட்டான்னு நெனச்சேன். அவரு போனப்புறம்தான் வெளங்குச்சு. ரெண்டு ஆளு அனுப்பினேனே, இன்னா சொல்லி அனுப்பின நீ?"

"அது எங்க?"

"ஓமந்தூருக்குப் பக்கத்துல குடுத்துட்டோம். வைகாசில. நீ சொன்னதப் பூக்காரி வந்து அவ முன்னாலயே சொல்லிட்டா. அதுக்கப்புறம் எங்க பாத்தாலும் சரின்னுட்டா."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மாமா குடிக்காத தண்ணீரையும் சேர்த்து நான் குடித்தேன்.

"மூஞ்சி?" என்று கேட்டேன்.

"ஆறிடுச்சு. எடது கன்னத்துல மட்டும் ஒரு எடம் வெளுப்பா நின்னுடுச்சு. நீ செவக்கும்னு சொன்ன கன்னந்தான்."

தை மாதம் மாமா பார்த்த பெண்ணோடு எனக்குத் திருமணம் நடந்தது. என் மனைவியைப் பற்றி ஒரு குறை எழுத மாட்டேன். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாதவனோடு வந்து என்னை ஆளாக்கினவர். அவர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

அந்த வருஷத்திலிருந்துதான் முழங்கை மடிப்பு. அங்கேதான் தோல் முகத்தைப் போல மெல்லிசாக இருக்கும். யார் கண்ணிலும் படாது. முதலில் என் முழங்கையில், பிறகு வாங்குகிறவர் முழங்கையில், மஞ்சள் தடவின இடத்தில் ஒன்று, தடவாத இடத்தில் ஒன்று. சொந்தக் காய்ச்சலைச் சரியாகக் கற்றுக்கொண்டேன். காரம் மிஞ்சியிருக்கிறதா என்று மஞ்சள் துண்டில் தொட்டுப் பார்க்காமல் ஒரு டப்பா வெளியே போகாது. இன்னொன்றும் செய்தேன். "புடிச்சிருக்கா" என்று கேட்பதை விட்டேன். "ஒத்துக்கிச்சா?" என்று மாற்றிக்கொண்டேன். பெட்டிக்காரருக்குப் பாஷை மாறிவிட்டதே என்று பெண்கள் கேலி செய்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் கடை வைத்தேன். விழுப்புரத்துக்காரன் திண்டிவனத்தில் ஏன் கடை வைத்தாய் என்று கேட்காதவர் இல்லை. வாடகை குறைவு, போட்டி இல்லை, நாலா பக்கத்து ஜனமும் வரும் ஊர் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னேன். எல்லாம் உண்மைதான். ஓமந்தூர்ப் பக்கத்து வண்டிகள் வந்து நிற்கிற இடம் என் கல்லாவிலிருந்து நேராகத் தெரியும். அதுவும் உண்மை. வண்டி வந்து நின்றால், கையில் இருக்கிற வேலையை விட்டு ஒரு தரம் நிமிர்ந்து பார்ப்பேன். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு தரம்.

கடை வைத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை நான் நிமிரவில்லை. நல்ல கூட்டம். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சினோ இருக்குதா?"

கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றாள். உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அதே நிறம். காதோரம் மஞ்சள். இடது கன்னத்தில், எலும்பு மேட்டில், நாலணாக் காசு அகலத்துக்கு வெளுத்த இடம். என்னைத் தெரிந்துதான் வந்தாள். முகத்தில் அது எழுதியிருந்தது.

நான் பஞ்சு சுற்றின தீக்குச்சியை எடுத்தேன். ஸ்நோவைத் தொட்டு நீட்டினேன்.

"முழங்கை மடிப்புல தடவிக்கினு போங்க. ரெண்டு நாள் தண்ணி படக் கூடாது."

"டப்பா குடுக்க மாட்டீங்களா?"

"மூணாம் நாள்தான்."

"அம்மாடி. அப்பல்லாம் இந்த சட்டம் இல்லியே," என்றாள்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.  அவளே தீக்குச்சியை வாங்கி, ரவிக்கைக் கையை ஒதுக்கி, மடிப்பில் தொட்டுக்கொண்டாள். "நாளான்னிக்கு வர்றேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டு நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை. அந்தக் காய்ச்சலை மறுபடி மறுபடி மஞ்சளில் தொட்டுப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. என் இரண்டு முழங்கையிலும் தடவிக்கொண்டேன். வராமல் போய்விட்டால் என்ன செய்வது, வந்து கையைக் காட்டும்போது அங்கே சிவந்திருந்தால் என்ன செய்வது என்று இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்கே வந்தாள். கடையில் இன்னும் நாலைந்து பெண்கள் இருந்தார்கள். கல்லா மேல் கையை நீட்டி, மடிப்பைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பொரி இல்லை, தடிப்பு இல்லை. ஈரச் செம்மண் நிறத்தில் பச்சை நரம்பு ஒன்று ஓடியது. அவ்வளவுதான். அதை எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது.

இந்த இடத்தில் நான் கேள்வி கேட்க வேண்டும். எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். 'ஒத்துக்கிச்சா' என்று கேட்க வாயெடுத்தேன். அந்த வார்த்தையை அவளிடம் கேட்பது பொய்யாக இருக்கும் என்று தோன்றியது. பழைய வார்த்தையைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

 கையை மடக்கிக்கொண்டு, நான் கேட்காத கேள்விக்கு அவளே பதில் சொன்னாள்.

"புடிச்சிருக்கு."

டப்பாவை வாங்கிக் கூடைக்குள் வைத்தாள். வண்டிக்காரர் குரல் கொடுத்தார். "தோ வர்றேன், இருங்க" என்று ஜல்தியாக ரோட்டைக் கடந்து போனாள். ஏறி உட்கார்ந்தாள். வண்டி திரும்பினபோது மஞ்சள் பூசின கன்னம் ஒரு தரம் தெரிந்தது. எந்தக் கன்னம் என்று பார்ப்பதற்குள் மறைந்துவிட்டது.

"ஐயா, பவுடர் கேட்டேன்," என்றார் அடுத்து நின்ற அம்மா. நான் அவர் கையில் ஸ்நோ டப்பா ஒன்றை வைத்தேன். தீக்குச்சியும் இல்லாமல், இரண்டு நாளும் சொல்லாமல். என் வியாபாரத்தில் அப்படிக் கொடுத்தது அது ஒன்றுதான்.